லண்டனில் இருந்து வெட்டி ஒட்டிய சிரிப்பு

துரைராசா அண்ணை தன் ஒரே மகளின் கலியாணத்துக்குப் போக முடியாமல் செய்தது நீங்கள்தான், அரியகுமார்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது. உங்கள் வானொலியின் ஆண்டு மலரைப் போன வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலவசமாக எடுத்துவந்தேன். அதில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிரித்தானிய நகைச்சுவையைக் கனடாத் தமிழருக்கு அறிமுகம் செய்த முன்னோடி நீங்களாம். சனிக்கிழமை நாடகம் நின்றுபோனதற்குக் காரணம், எழுதியவரின் அவசரத்தால் ஓர் அப்பாவித் தொழிலாளியின் மனம் புண்பட்டதாம். நீங்கள் அன்றே தடுத்தீர்களாம்.

எழுதியவர் நான். பெயரைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். பெரிய மனது.

இந்தத் தொடரில் இந்த வாரம் என் முதல் பனிக்காலச் சப்பாத்தைப் பற்றி எழுத இருந்தேன். சப்பாத்து காத்திருக்கும்.

ஆறிய சோறு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலை. குளியலறைத் திரைகளை மடித்துப் பெட்டியில் அடைப்பது எங்கள் வேலை. புதுப் பிளாஸ்டிக் மணம் தலைமயிரில் ஏறினால் இரண்டு முழுக்குக்கும் போகாது.

புரட்டாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம். கன்ரீனில் துரைராசா அண்ணை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோறும் பருப்பும், மேலே ஒரு முட்டைப்பொரியல். அவர் எழும்பி மைக்றோவேவுக்குப் போகவில்லை. உறைந்துபோன பருப்பைக் கரண்டியால் உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

துரைராசா அண்ணைக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மனைவியும் மகளும் திருச்சியில். மகளை அவர் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குத் தை மாதத்தில் கலியாணம் பேசியாயிற்று. அகதிப் பயணப் பத்திரத்தைக் கொண்டுபோய் இந்திய விசாவுக்கு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை. கனேடியக் கடவுச்சீட்டு இருந்தால் போகலாம். அதற்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு ஒரு நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கு வாயால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் அதற்கு மைக்றோவேவுக்கு முன்னால் நின்று பயிற்சி எடுத்தார். சோற்றை உள்ளே வைத்து இரண்டு நிமிடம் அமத்துவார். அது சுற்றி முடிவதற்குள் பத்து மாகாணங்களையும் தலைநகரங்களையும் சொல்லி முடிக்க வேண்டும். சஸ்கச்சுவானில் எப்போதும் மூச்சுத் திணறும். மணி அடித்ததும் இலேசாகத் தலையைக் குனிந்து, "தாங்க் யூ, யுவர் ஆனர்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் எரிச்சல் படுவதில்லை. ஒரு பிலிப்பினோப் பெண் மறந்த பெயரை எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் அவர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது கன்ரீனே கைதட்டியது.

அப்படிப்பட்ட மனிதர் அந்தத் திங்கட்கிழமை ஆறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"எத்தினை வெள்ளையள் வந்தவை, தங்கச்சி?"

"எங்க அண்ணை?"

"நடிக்காதை. மண்டபத்துக்கு."

"எந்த மண்டபம்? என்ன அண்ணை கதைக்கிறியள்?"

அவர் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பாதிச் சோறு உள்ளே இருந்தது.

கீத்தின் சலவைக்கடை

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் என்னோடு கொஞ்சம் லண்டனுக்கு வரவேண்டும்.

கனடாவுக்கு வரமுதல் மூன்று வருடம் கிழக்கு லண்டனில் ஒரு சலவைக்கடையில் வேலை செய்தேன். முதலாளி பெயர் கீத். நாற்பது வயது வெள்ளைக்காரன். காற்சட்டையில் எப்போதும் சவர்க்காரத் தூள். உலர்த்தும் மெசினுக்கு மேலே ஒரு வானொலி. அதில் பின்னேரம் நகைச்சுவை நிகழ்ச்சி போகும்.

கீத் சிரிக்க மாட்டான். நல்ல பகிடி வந்தால், மடித்துக்கொண்டிருக்கிற படுக்கை விரிப்பு அப்படியே நிற்கும். இரண்டு விநாடி. பிறகு மடிப்பான். அதுதான் சிரிப்பு. எனக்குப் பகிடி விளங்காத காலத்திலும் விரிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், இப்போது ஏதோ நல்லது போயிருக்கிறது என்று.

கீத்தின் தகப்பன் வேறு மாதிரி. கடைக்கு வந்தால் பழைய நிகழ்ச்சி தேடுவார். காற்சட்டை கழன்று விழுகிற பகிடி. கதவைத் திறந்தால் யாரோ ஒருத்தன் அலுமாரிக்குள் நிற்கிற பகிடி. அதைவிட அவருக்குப் பிடித்தது, எங்களைப் போன்ற மண்ணிறத்துக்காரன் வந்து தலையை ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தை உடைக்கிற பகிடி. சபை விழுந்து விழுந்து சிரிக்கும். கிழவரும் சிரிப்பார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு.

ஒரு நாள் அப்படி ஒன்று போகும்போது கீத் பட்டென்று வானொலியை நிற்பாட்டினான். என்னைப் பார்க்க அவனுக்கு வெட்கம். இதெல்லாம் அப்பா காலத்துப் பகிடி, இப்போது ஒருவரும் கேட்பதில்லை என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பகிடியில் வந்த மனிதனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்க விடாமல் நிற்பாட்டிவிட்டானே என்று. உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கீத் சொன்னது சரி. அங்கே ருசி மாறிக்கொண்டிருந்தது. இளம் பெடியள் மேடையில் ஏறி அரசாங்கத்தைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அதுவே பகிடி. பிறகு அவர்களும் பழசானார்கள். சத்தம் குறைந்தது. ஒருத்தன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு கதைப்பான். கேட்கிற எங்களுக்கு அவனுக்காக உடம்பு கூசும். எங்கே சிரிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள். கீத்தின் விரிப்பு அடிக்கடி நின்றது அந்த நிகழ்ச்சிகளுக்குத்தான்.

இருபது வருடம் பிந்திய சிரிப்பு

ரொறன்ரோவுக்கு வந்தேன். சனிக்கிழமை பின்னேரம் ரீவியைப் போட்டால், கீத்தின் தகப்பன் சிரித்த அதே பகிடிகள். லண்டன் கழித்துவிட்ட சாமானைக் கனடா கழுவித் துடைத்து, "பிரித்தானிய நகைச்சுவை" என்று மரியாதையோடு காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கனடியர் அதைத் தேநீரும் பிஸ்கற்றுமாகப் பார்த்தார்கள்.

எங்கள் சனம் இன்னும் ஒரு படி மேலே. ஸ்காபரோவில் தமிழ்ப் பட வீடியோ வாடகைக்கு விடுகிற கடைகளில், கடைசித் தட்டில் லண்டன் கசற்றுகள் இருக்கும். யாரோ ஒருவரின் மச்சான் அங்கே ரீவியில் இருந்து பதிந்து அனுப்பியது. லண்டன் கசற் கனடா மெசினில் ஓடாது. முதல்முதல் போட்டுப் பார்த்தவர்கள் மச்சானைத் திட்டினார்கள், வெறும் கோடும் கோடுமாக அனுப்பியிருக்கிறான் என்று. பிறகு ஒரு கடைக்காரர் அதை மாற்றிப் பதிகிற மெசின் வாங்கினார். அவருக்கு நல்ல யாவாரம்.

எந்தக் கசற் அதிகம் போனது? மண்ணிறத்துக்காரன் ஆங்கிலத்தை உடைக்கிற கசற்றுத்தான். பகல் முழுக்க மேற்பார்வையாளனிடம் ஆங்கிலம் தெரியாமல் பேச்சு வாங்கிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டோடு அதைப் போட்டுச் சிரித்தோம். எங்களைக் கேலி செய்ய வெள்ளைக்காரன் எடுத்த நாடகத்தை நாங்களே வாடகைக்கு எடுத்தோம். கசற் திருப்பிக் கொடுக்கப் பிந்தினால் தண்டமும் கட்டினோம். நானும் கட்டியிருக்கிறேன்.

அரியகுமார், நீங்கள் அந்தத் தட்டின் முதல் வாடிக்கையாளர். உங்களிடம் அப்படி நாற்பது கசற் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவீர்கள். பகிடி வருவதற்கு முன்பே சிரிப்பீர்கள்.

மூன்று விநாடி

உங்கள் வானொலி அப்போது கடையில் வாங்குகிற ஒரு தனிப் பெட்டியில்தான் கேட்கும். யன்னலோரம் வைத்தால் ஒரு மாதிரி, குளிர்பெட்டிக்கு மேலே வைத்தால் இன்னொரு மாதிரி. நான் உங்களுக்குச் சனிக்கிழமைக்குப் பத்து நிமிட நாடகம் எழுதித் தந்தேன். பதினொரு நாடகம். சம்பளம் இல்லை, அதைப் பற்றி எனக்குப் பேச்சும் இல்லை. எழுத ஆசையாக இருந்தது.

பன்னிரண்டாவது நாடகம் மைக்றோவேவ் நாடகம்.

இங்கே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். துரைராசா அண்ணையிடம் நான் கேட்கவில்லை. பெயரை மாற்றினேன், தொழிற்சாலையைப் பேக்கரி ஆக்கினேன், அது போதும் என்று நினைத்தேன். மைக்றோவேவை மாற்றவில்லை. மாற்றினால் நாடகமே இல்லை. ஒரு மனிதனின் பயத்தை எடுத்து, அவனைக் கேட்காமல் பத்து நிமிடம் செய்தேன். அவர் கேட்டால் சந்தோசப்படுவார் என்று வேறு நம்பினேன். நான் மடைச்சி.

ஆனால் அந்த நாடகம் அவரைக் கேலி செய்யவில்லை. அதில் முட்டாள் பேக்கரி மேற்பார்வையாளன்தான். கனடாவில் பிறந்தவன், நாலாவது மாகாணத்தோடு நின்றுவிடுவான். எங்கள் ஆள் பத்தையும் சொல்லி முடிப்பார். மணி அடிக்கும். "தாங்க் யூ, யுவர் ஆனர்." அதற்குப் பிறகு நான் எழுதியிருந்தேன்: இங்கே மூன்று விநாடி மௌனம்.

ஒலிப்பதிவு செய்த அன்று அந்த வரியில் நீங்கள் பேனையால் தட்டினீர்கள்.

"வசந்தி, உது என்ன மௌனம்? ரேடியோவில மௌனம் வந்தால் சனம் பெட்டி பழுதாப்போச்சு எண்டு தட்டத் தொடங்கும்."

"தட்டட்டும். மூண்டு விநாடிதானே."

"பகிடி எங்க வருது எண்டு சனத்துக்கு விளங்க வேணுமெல்லோ?"

"விளங்குற ஆக்களுக்கு விளங்கும்."

"விளங்காத ஆக்கள்தான் எங்களுக்கு விளம்பரம் தாறவை, தங்கச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் நன்றாகப் பகிடி விடுவீர்கள், அதை நான் மறுக்கவில்லை. நாடகத்துக்குள் மட்டும்தான் உங்களுக்குப் பகிடி வராது.

ரசிகர்கள் முன்னிலையில்

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓவர்ரைம். நாடகத்தை நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை துரைராசா அண்ணை மண்டபம், வெள்ளையள் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்காததற்குக் காரணம் அதுதான். அவரோ நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்.

அன்று வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் என் நாடகங்களைக் கசற்றில் பதிந்து வைப்பாள். போட்டோம்.

முதலில் உங்கள் குரல். லண்டன் பாணியில், ரசிகர்கள் முன்னிலையில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாடகமாம். எந்த ரசிகர்? ஒலிப்பதிவு நடந்த அறையில் நாங்கள் நாலு பேரும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தோம்.

பிறகு நாடகம். "ஒன்ராறியோ, ரொறன்ரோ" என்றதும் ஒரு சிரிப்பு. ஒரு ஆள் இரண்டு ஆள் சிரிப்பல்ல, முந்நூறு பேரின் சிரிப்பு. "கியூபெக்" என்றதும் இன்னும் பெரிய சிரிப்பு. அதற்குள் ஒரு பெண் கீச்சிட்டுச் சிரிக்கிறாள். ஒரு ஆம்பிளை ஆங்கிலத்தில், ஓ டியர், ஓ டியர் என்கிறான். சஸ்கச்சுவானில் கூரை பறக்கிறது.

என் மூன்று விநாடி மௌனத்தில் கைதட்டல்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆரடி உந்த வெள்ளையள்?"

எனக்கு அந்தப் பெண்ணின் கீச்சுச் சத்தம் தெரியும். உங்கள் வீட்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். உங்கள் நாற்பது கசற்றில் ஒன்றில் இருந்து சிரிப்பை வெட்டி எடுத்து, என் நாடகத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். நாடகம் முழுக்கத் தமிழ். அதில் ஆங்கிலம் அந்த மனிதன் சொல்லும் பதில்களில் மட்டும்தான். நீங்கள் சிரிப்பை ஒட்டியதும் அங்கே மட்டும்தான்.

கேட்கிறவர் என்ன நினைப்பார்? ஒரு மண்டபம் நிறைய வெள்ளைக்காரர் இருக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு விளங்கவில்லை, அதனால் சும்மா இருக்கிறார்கள். இவர் ஆங்கிலத்தில் வாயைத் திறந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கீத்தின் தகப்பனுக்காகச் செய்த சிரிப்பு, கடல் கடந்து வந்து, மில்லிக்கனில் குளியலறைத் திரை மடிக்கிற ஒரு மனிதனின் தலையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ் தரிப்பில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, அது கசற். லண்டன் கசற்றில இருந்து எடுத்து ஒட்டினது. மண்டபமும் இல்லை, ஒருத்தரும் இல்லை."

"சிரிப்பை எடுத்து ஒட்டலாமோ தங்கச்சி? அது என்ன முத்திரையே?"

"சத்தியமா அண்ணை."

"எனக்குத் தெரியும். ஆக்கள் இருந்தவை."

"இல்லை அண்ணை—"

"நான் உன்னைப் பேசேல்லை. நீ உன்ர வேலையைப் பார்த்தனி. என்ர இங்கிலீஸ் அப்பிடித்தான் எண்டு எனக்கு இப்ப விளங்கியிட்டுது. இவ்வளவு நாளும் கன்ரீனிலயும் உதுக்குத்தானே கைதட்டினவை."

பஸ் வந்தது. அவர் முன்கதவால் ஏறினார். எனக்கு ஏற மனம் வரவில்லை.

நீதிபதிக்கு முன்னால்

அடுத்த வாரம் அவருக்கு நேர்முகம். அவரோடு அறையைப் பகிர்ந்த யோகன் காரில் கூட்டிக்கொண்டு போனான். பிறகு அவன்தான் எனக்குச் சொன்னான்.

"நீதிபதி ஒரு வயசு போன மனிசி, அக்கா. தங்கமான மனிசி. என்னையும் உள்ள விட்டவ. தண்ணி குடுத்தா. மெல்ல மெல்லக் கேட்டா. அண்ணை வாயே திறக்கேல்லை."

"ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"கனடாவின்ர தலைநகர் எது எண்டு கேட்டவ. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஒட்டாவா எண்டு நானே கத்தியிருப்பன். வெளியில வந்து, ஏன் அண்ணை எண்டு கேட்டன். அந்த மனிசி சிரிச்சிடும் எண்டு பயமா இருந்தது எண்டார்."

நீதிபதி அவரை மறுக்கவில்லை. இன்னொரு நாள் தருகிறேன் என்றார். அந்த நாள் வந்தபோது பனி கரைந்து, வீதியோரத்தில் மஞ்சள் பூப் பூத்திருந்தது. அப்போது அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கடவுச்சீட்டும் எடுத்தார்.

தை மாதம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் ஒரு தூரத்து மாமா.

நீங்கள் இதற்குப் பிறகு நாடகத்தை நிற்பாட்டினீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனில் எங்களைப் போன்ற நிறத்துப் பெடியளும் பெட்டையளும் ரீவிக்கு வந்து, கதையைத் தலைகீழாக்கினார்கள். அங்கே பகிடிக்கு ஆளானவன் வெள்ளைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள், வெள்ளைக்காரரும் சேர்த்து. உடனே நீங்கள் வானொலியில் சொன்னீர்கள், இந்த மாதிரித்தான் நாங்களும் அன்றே செய்தோம் என்று. நான் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை நிற்பாட்டினேன்.

ஒரு தொலைபேசி

இத்தனை காலமும் நான் பேசாமல் இருந்தேன். என் பங்கும் இருக்கிறதே என்று. சிரிப்பை ஒட்டியது மடத்தனம், கெட்ட எண்ணம் இல்லை என்றும் நினைத்தேன். ரசனை கெட்டவர் என்பதற்காக ஒருவரைத் தெருவுக்கு இழுக்க முடியாது.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், அந்தக் காலத்தில் உங்கள் நிலையத்தில் தொலைபேசி எடுத்த பிள்ளையைக் கண்டேன். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். விட்பியில் வீடு. சாப்பாட்டு வரிசையில் நின்று கதைத்தோம்.

"அக்கா, அந்த மைக்றோவேவ் நாடகம் நினைவிருக்கோ? அது முடிஞ்ச கையோட ஒரு அண்ணை போன் எடுத்தவர். பேர் துரைராசா எண்டவர்."

"என்ன கேட்டவர்?"

"ஆர் சிரிச்சது எண்டு கேட்டவர். அவ்வளவுதான். எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அரியகுமார் அங்கிளிட்டக் குடுத்தன். அங்கிள் அறைக் கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சவர்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிசம் இருக்கும். வெளியில வந்து என்னைப் பார்த்து, ஒரு ரசிகர், வாழ்த்துச் சொன்னவர் எண்டார்."

நான் வரிசையை விட்டு விலகி, வெறும் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தேன்.

ஆக, பஸ் தரிப்பில் துரைராசா அண்ணை என்னை நம்பாததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. நான் வருவதற்கு மூன்று நாளுக்கு முன்பே அவர் உங்களிடம் கேட்டுவிட்டார். சிரித்தது ஒரு கசற் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்தது. அவர் திங்கட்கிழமை சோற்றைச் சூடாக்கியிருப்பார். அடுத்த வாரம் பதில் சொல்லியிருப்பார். தை மாதம் திருச்சியில் நின்றிருப்பார்.

அப்படிச் சொன்னால், ரசிகர்கள் முன்னிலையில் என்று வானொலியில் சொன்னது பொய்யாகிவிடும். அதற்காக வேறு என்ன சொன்னீர்கள்? மண்டபத்தில் எத்தனை பேர் என்று சொன்னீர்கள்? அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினீர்கள்?

துரைராசா அண்ணையிடம் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது பிறம்ரனில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். "அது பழைய கதை, விடு தங்கச்சி" என்கிறார். அவர் விடுவார். நான் விட மாட்டேன். அவரிடம் கேட்காமல் அவர் பயத்தை எடுத்ததற்கு அவருடைய வீட்டுக் கதிரையில் இருந்து மன்னிப்புக் கேட்டேன். இங்கே, இந்தப் பக்கத்திலும் கேட்கிறேன்.

அரியகுமார், மலரில் எழுதியதற்கு மலரில் பதில் வேண்டாம். இதே வார இதழில் எழுதுங்கள், ஆசிரியர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அல்லது உங்கள் சனிக்கிழமை நிகழ்ச்சியில், எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு நிமிடம், அந்த மனிதனுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?